47-ஐ முதலில் எண்ணியது யார்?

இன்னைக்கு எபிசோடுக்கு மொத்தமே ரெண்டு எண்தான்: 46, 47.

மனுஷ செல்லில் 46 குரோமோசோம்னு ஸ்கூல்லயே படிச்சிருப்போம். ஆனா 1956 வரைக்கும் பாடப்புத்தகத்தில் இருந்தது 48. முப்பது வருஷத்துக்கும் மேல உலகமே தப்பா எண்ணிட்டு இருந்தது! ஸ்வீடனில் இருந்து ரெண்டு பேர் 46னு திருத்தினாங்க.

அந்தச் செய்தி பாரிஸின் த்ரூஸோ மருத்துவமனைக்கும் வந்தது. டவுன் சிண்ட்ரோமுக்குக் குரோமோசோம் காரணமா இருக்கலாம்னு அங்கிருந்த பேராசிரியர் ரேமோன் துர்பான் 1930களிலேயே சந்தேகப்பட்டவர். அந்தக் காலத்தில் அப்படி ஒரு குழந்தை பிறந்தா, அப்பாவோட குடி, அம்மாவோட பால்வினை நோய்னு பழி பெத்தவங்க மேலதான் விழும். அதனால இது வெறும் எண்ணிக்கை விஷயம் இல்ல.

எண்ணணும்னா செல்லை உடம்புக்கு வெளியே வளர்க்கணும். துர்பான் குழுவில் அந்த வித்தை தெரிஞ்சவர் மார்த் கோத்தியே. ஹார்வர்டுக்குக் குழந்தைகள் இதய மருத்துவம் படிக்கப் போன இடத்தில், செல் வளர்ப்பையும் கத்துக்கிட்டு வந்தவர். பாரிஸில் கிடைச்சது ஒரு காலி அறை, ஒரு ஃபிரிட்ஜ், ஒரு சென்ட்ரிஃபியூஜ், ஒரு சுமார் மைக்ரோஸ்கோப். நிதி கிடையாது. சொந்தமா கடன் வாங்கிக் கண்ணாடிச் சாமான் வாங்கினார். பிளாஸ்மாவுக்கு ஒரு சேவல். மனித சீரம் வேணுமா? தன் கையிலிருந்தே ரத்தம் எடுத்துக்கிட்டார். (நம்ம ஊர் ஸ்டார்ட்அப் கராஜ் கதை எல்லாம் இதுக்கு முன்னாடி சும்மா.)

1958 மே மாசம், டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு குழந்தையின் செல்லில் எண்ணினா 47 வந்தது. ஆனா அந்த மைக்ரோஸ்கோப்பில் போட்டோ எடுக்க முடியாது. அதே குழுவில் இருந்த ஜெரோம் லெஜூன், எடுத்துத் தர்றேன்னு ஸ்லைடுகளை வாங்கிட்டுப் போனார். அவை தன்கிட்ட திரும்பி வரவே இல்லைன்னு கோத்தியே பிற்பாடு எழுதினார்.

1959 ஜனவரியில் கட்டுரை வந்தது. முதல் பெயர் லெஜூன், கடைசிப் பெயர் துர்பான். நடுவில் கோத்தியே, அதுவும் ஒரு எழுத்து கூடுதலா, தப்பான ஸ்பெல்லிங்கோட. மூணாவது 21-ஆம் குரோமோசோமைக் கண்டுபிடிச்சவர்னு உலகம் கொண்டாடினது லெஜூனைத்தான்.

கோட்னா கிட் பிளேம் அடிச்சுப் பார்த்திடலாம். இங்கே அது கிடையாது. போட்டோக்களை அலசினதில் லெஜூனுக்குப் பங்கு இல்லைன்னு நான் சொல்லல. ஆனா வளர்க்காத செல்லை யார் போட்டோ எடுக்கறது?

2014-ல் பொர்தோ நகரில் ஒரு மரபியல் மாநாடு. 88 வயசு கோத்தியே இந்தக் கதையைப் பேச இருந்தார். லெஜூன் பெயரில் இயங்கும் அறக்கட்டளை, நீதிமன்ற அனுமதியோட பேச்சைப் பதிவு செய்ய அதிகாரிகளை அனுப்பிச்சது. அமைப்பாளர்கள் பயந்து பேச்சையே ரத்து பண்ணிட்டாங்க. பதக்கத்தைத் தனியா கொடுத்தாங்க.

அதே வருஷம், இன்செர்ம்ங்கற பிரெஞ்சு மருத்துவ ஆய்வு நிறுவனத்தோட நெறிமுறைக் குழு, இந்தக் கண்டுபிடிப்பில் லெஜூனின் பங்கு பிரதானமா இருந்திருக்க வாய்ப்பு குறைவுன்னு எழுதிச்சு. லெஜூன் 1994-லயே இறந்துட்டார். கோத்தியே 2022 வரைக்கும் இருந்தார், 96 வயசு.