எண்ணப்படாத தடுப்புகள்

ஓர் அணியில் ஒன்றாக ஆடிய இருவருள் தற்காப்பில் சிறந்தவர் யார்? கூடைப்பந்து ஏடுகளில் இதற்கு விடை தேடுவோர் முதலில் சந்திப்பது வெற்றுக் கட்டங்களையே. போஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரசலையும் கே.சி. ஜோன்சையும் எடுத்துக்கொள்வோம்.

ரசல் 1956 முதல் 1969 வரை 13 பருவங்கள் ஆடி 11 முறை என்.பி.ஏ. பட்டம் வென்றவர். எதிரணியினர் எறிந்த பந்தை வெளியே அறைந்து தள்ளாமல் தம் தோழர் பக்கம் தட்டிவிடுவதில் வல்லவர். ஆயினும் அவர் எத்தனை பந்துகளைத் தடுத்தார் என்பதற்கு அதிகாரப்பூர்வக் கணக்கு இல்லை. தடுப்புகளையும் பந்துப் பறிப்புகளையும் என்.பி.ஏ. எண்ணத் தொடங்கியதே 1973-74 பருவத்தில்தான்!

ரசலுக்கேனும் ஓர் எண் துணை நிற்கிறது. வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளில் 21,620ஐ அவர் கைப்பற்றினார். ஜோன்சுக்கு அதுவும் இல்லை. கல்லூரி நாள் தொட்டே இருவரும் தோழர்கள். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் சேர்ந்தே தங்கம் வென்றனர். (அப்போட்டியில் சிங்கப்பூர் அணியும் ஆடியது என்பதை நம்மில் பலர் அறியோம்.) 1959 முதல் 1966 வரை செல்டிக்ஸ் தொடர்ந்து வென்ற 8 பட்டங்களிலும் இருவருக்கும் பங்குண்டு. எதிரணியில் பந்தைக் கொண்டுவருபவரை நிழல்போல் ஒட்டி நின்று திணறடிப்பதே ஜோன்சின் பணி. ஏடு சொல்வதோ, ஆட்டத்துக்குச் சராசரி 7.4 புள்ளிகள் என்பது மட்டுமே. மதிப்பெண் பட்டியல் எழுதிப் பழகிய எனக்கு இவ்வேடு சற்று உறுத்தவே செய்கிறது.

பிற்காலத்தார் வேறு வழி கண்டனர். ஒருவர் களத்தில் இருக்கும்போதும் வெளியே அமர்ந்திருக்கும்போதும் அணி பெற்ற, இழந்த புள்ளிகளை ஒப்பிடுவது அது. பனி ஹாக்கியிலிருந்து வந்த இம்முறையில், உடன் ஆடியோரின் பங்கையும் கழித்துக் கணக்கிடும் வகையை டான் ரோசன்பாம் என்னும் பொருளியலாளர் 2004இல் விளக்கி எழுதினார். எனினும் அன்றைய ஆட்டங்களில் யார் எப்போது களத்தில் இருந்தார் என்ற முழுக் குறிப்பு இருந்திருந்தாலும் ஒரு தடை நிற்கும். 48 நிமிட ஆட்டத்தில் ரசல் சராசரியாக 42 நிமிடங்கள் ஆடினார். எஞ்சிய ஆறு நிமிடங்களை வைத்துக்கொண்டு எதனோடு எதை ஒப்பிடுவது? ஏறத்தாழப் பாதி நேரமே ஆடிய ஜோன்சைப் பற்றித்தான் அந்தக் கணக்கு சற்றுத் தெளிவாகப் பேசியிருக்கும்.

எஞ்சியிருப்பது பருவக் கணக்கு. ஜோன்ஸ் 1967இல் ஓய்வு பெற்றபின் செல்டிக்சின் வெற்றிகள் 60இலிருந்து 54ஆகக் குறைந்தன. ஆனால் முந்தைய பருவத்தில் தவறவிட்ட பட்டம் 1968இல் திரும்பி வந்தது. ரசல் விலகியபின் 1969-70இல் வெற்றிகள் 48இலிருந்து 34ஆகச் சரிந்தன. இச்சரிவு முழுவதும் ரசலால் நேர்ந்தது என்றும் சொல்வதற்கில்லை. அணியின் புள்ளிக் குவிப்பாளர்களுள் ஒருவரான சாம் ஜோன்சும் அதே 1969இல்தான் ஓய்வு பெற்றார்.