தரங்கம்பாடியில் ஒரு நார்வேக்காரர்

ஒரு நாட்டிற்கு வரும் அந்நியன் அந்நாட்டு ஜனங்களைக் குறித்துப் போகிற போக்கில் சொல்லி வைக்கும் வார்த்தைகள், காலம் செல்லச் செல்ல அந்த ஜனங்களின் சரித்திரமாகவே ஆகிவிடுவதுண்டு. இதற்கு அத்தாட்சி தேடி நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. நம் பினாங்கு நகரத்துச் சூலியா தெருவே போதும். சோழ மண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த மரைக்காயரையும், தண்டலையும், மூட்டை தூக்கிய கூலியையும் ஒரே சொல்லில் அடக்கி வெள்ளைக்காரர் ஒரு பெயரிட்டார்கள். அப்பெயர் தெருவிலும் பத்திரங்களிலும் ஏறி நிலைத்துவிட்டது. நம்மவரோ மார்க்கெட் தெருவைக் கடைத்தெரு என்றே தமக்குள் அழைத்து வந்தார்கள். ஆனால் பலகையில் ஏறியது எவருடைய சொல்?

1786-ஆம் ஆண்டு பினாங்கைக் கைக்கொண்ட பிரான்சிஸ் லைட், 1794-ல் நம்மைக் குறித்து ஒரு குறிப்பு எழுதினார். சோழ மண்டலக் கரையார் ஏறக்குறைய ஆயிரம் பேர் இங்கு இருப்பதாகவும், ஆண்டுதோறும் கப்பல்கள் 1,300 முதல் 2,000 பேர் வரை கொண்டு வருவதாகவும், அவர்கள் உழைத்துச் சில வெள்ளி சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பியதும் வேறு சிலர் வருவதாகவும் அதில் கண்டிருக்கின்றது. இரண்டு மூன்று வாக்கியங்களில் நம் பாட்டன் பூட்டன்மார் கதை முடிந்தது! அவர்கள் எந்த ஊரார், என்ன பேசினர், எதை நினைத்து அழுதனர் என்பதற்கு அதில் ஓர் எழுத்தும் இல்லை.

லைட் இங்கே கூடாரம் அடித்த அதே காலத்தில், எதிர்க்கரையில் மற்றோர் ஐரோப்பியர் நம் ஜனங்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார். அவர் ஆங்கிலேயர் அல்லர், நார்வே தேசத்தார். பீட்டர் ஆங்கர் என்பது அவர் பெயர். 1744-ல் பிறந்து, லண்டனில் கான்சல் ஜெனரலாக இருந்து, பின்னர் 1788 முதல் 1806 வரை தரங்கம்பாடியில் கவர்னராக அதிகாரம் செலுத்தியவர். நார்வே அக்காலத்தில் டென்மார்க்கு அரசரின் கீழ் இருந்தமையால், 1620-ல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்து டேனியர் பெற்ற தரங்கம்பாடியை ஒரு நார்வேக்காரர் ஆள நேர்ந்தது.

ஆங்கருக்குச் சித்திரம் எழுதும் பழக்கம் உண்டு. கோட்டை, கோவில், கடற்கரை, கிராமப்புறம் என்று கண்ணிற்பட்டதையெல்லாம் வர்ணத்தில் தீட்டினார். அச்சித்திரங்கள் இன்றும் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் காப்பாற்றப்பட்டு வருகின்றன. தம் பழைய கட்டடங்களைப் படமாக வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மவரிடம் இல்லாத அந்நாளில், அவர் செய்த காரியத்திற்கு நாம் நன்றி பாராட்டவே வேண்டும். அதில் ஐயமில்லை. எனினும் சித்திரத்தில் வருவது காண்பவனுக்கு அழகாய்த் தோன்றியது மட்டுமேயாகும். தரங்கம்பாடியை அடுத்த தில்லையாடியில் ஆங்கருக்கு ஒரு தோட்ட மாளிகை இருந்தது. அம்மாளிகையைச் சுற்றியிருந்த வயலில் நாற்று நட்ட பெண்ணின் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கின்றது?

அதே தில்லையாடியின் பெயர் நூறாண்டு கழித்து உலகறிய ஒலித்தது. அவ்வூரை வேராகக் கொண்ட குடும்பத்தில் 1898-ல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை, தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, நோயுற்று விடுதலையாகி, 1914 பிப்ரவரி 22-ல் உயிர் நீத்தாள். அப்பொழுது அவள் வயது பதினாறு. கவர்னரின் மாளிகையால் அவ்வூரை அறிந்தவர் சிலர். கடல் கடந்த குடும்பத்துப் பெண் ஒருத்தியால் அறிந்தவர் கோடிப்பேர்.

மொழி விஷயத்தில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உடைய ஜனங்களை ஆள வந்த இந்த நார்வேக்காரருக்கு, எழுதுவதற்குத் தம் சொந்த நாட்டு மொழி இல்லை. நானூறு ஆண்டுகளுக்கு மேல் டென்மார்க்கோடு பிணைக்கப்பட்டிருந்த காரணத்தால், நார்வேயில் பிரசங்கமும் கச்சேரி நடவடிக்கையும் புத்தகமும் டேனிய மொழியிலேயே நடந்து வந்தன. நாட்டுப்புறத்தான் பேசியது வெறும் கொச்சை என்று ஒதுக்கப்பட்டது. பின்னர் என்ன நேர்ந்தது? ஈவார் ஆசென் என்னும் ஏழைக் குடியானவர் மகன் 1842 முதல் கிராமம் கிராமமாய் நடந்து, உழவரும் செம்படவரும் வழங்கிய சொற்களைச் சேகரித்தார். 1848-ல் இலக்கணமும் 1850-ல் அகராதியும் வெளியிட்டார். கொச்சை என்று இகழப்பட்ட அப்பேச்சிலிருந்து எழுந்த மொழிக்கு 1885-ல் அந்நாட்டுப் பார்லிமெண்டு சம அந்தஸ்து வழங்கியது.

தோட்டத்துத் தமிழைக் கண்டு நகைக்கின்ற நம் பட்டணத்துப் படிப்பாளிகள் இதைச் சிந்திப்பார்களாக. பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், தண்டல் என்பவை நூறாண்டு உழைப்பின் சொற்கள். எந்த ஆசென் அவற்றைத் தேடி நம் லயங்களுக்குள் நுழைந்தார்?

அரசியலுக்கு வருவோம். பீட்டர் ஆங்கரின் உடன்பிறந்தார் கார்ஸ்டன் ஆங்கர் என்பவர். எய்ட்ஸ்வோல் என்னுமிடத்தில் இருந்த அவருடைய மாளிகையில்தான் 1814-ல் 112 பிரதிநிதிகள் கூடி, மே மாதம் 17-ஆம் நாள் நார்வேயின் அரசியல் சட்டத்தை நிறைவேற்றினார்கள். ஜனங்களைக் கேளாமல் அவர்களை ஓர் அரசரிடமிருந்து மற்றோர் அரசருக்குக் கைமாற்றுவது அநியாயம் என்பது அவர்கள் கட்சி. மிகவும் நியாயமான கட்சியே. ஆயினும் அதே சட்டம் யூதர்களை நாட்டிற்குள் விடாமல் தடுத்தது. அத்தடை 1851 வரை நீங்கவில்லை. தமக்குக் கேட்ட உரிமையைப் பிறர்க்கும் வழங்க வேண்டுமென்ற எண்ணம் மாளிகைகளில் எளிதில் உதிப்பதில்லை.

தரங்கம்பாடி ஜனங்களின் கதி யாது? 1801-ல் ஆங்கிலேயர் பிடித்தனர். அடுத்த ஆண்டு திருப்பித் தந்தனர். 1808-ல் மறுபடியும் பிடித்தனர். 1815-ல் மறுபடியும் தந்தனர். கடைசியாக 1845-ல் டேனிய சர்க்கார் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. வயலும் வீடும் கோவிலும் மனிதரும் ஒரே கிரயத்தில் அடங்கினர். எவரிடமும் சம்மதம் கேட்கப்படவில்லை.

நிலத்தோடு மனிதரையும் சேர்த்துக் கைமாற்றுவது நம் தோட்டத்து வாசகர்களுக்குப் புதிய செய்தியன்று. மலாயா சுதந்தரம் பெற்ற காலத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுச் சென்றபோது, அவை துண்டு துண்டாக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாய் அங்கேயே உழைத்தவர்கள் வேலையும் குடியிருப்பும் இழந்து தெருவில் நின்றார்கள். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. 1960-ல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்வெட்டுத் தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. விற்கப்பட்டவர்கள் வாங்குகிறவர்கள் ஆனார்கள்! தரங்கம்பாடியில் நடவாதது நமக்குப் பக்கத்திலேயே நடந்தது.

உலகமும் சுழன்றுவிட்டது. நார்வே தேசத்து மாக்னஸ் கார்ல்சன் 2013-ல் சென்னைக்கு வந்து விசுவநாதன் ஆனந்தைச் சதுரங்கத்தில் வென்று உலகப் பட்டம் பெற்றார். 2025-ல் சென்னை இளைஞர் குகேஷ், அவர் நாட்டு ஸ்டவாங்கர் நகரிலேயே அவரை ஓர் ஆட்டத்தில் தோற்கடித்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் நார்வே சென்று வளர்ந்த கம்சாயினி குணரத்தினம், 2015-ல் ஆஸ்லோவின் துணை மேயராகி, 2021-ல் பார்லிமெண்டு அங்கத்தினரானார். ஆளப்பட்டவர் வழித்தோன்றல்கள், ஆள வந்தவர் வழித்தோன்றல்களோடு ஒரே பலகையிலும் ஒரே சபையிலும் சமமாக உட்காருகின்றனர்.

ஆதலின் நாம் முடிவாகக் கூறுவது ஒன்றே. தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரி கேட்டதற்கிணங்கத் தமிழர்கள் தம் சமயத்தையும் வழக்கத்தையும் விளக்கி எழுதிய 99 கடிதங்கள், 1714 முதல் ஹாலே நகரில் ஜெர்மன் மொழியில் அச்சாயின. கேட்பார் இருந்தபோது தமிழன் தன்னைப்பற்றி நன்றாகவே எழுதினான். கேட்பாரை எதிர்பார்த்தே நாம் எழுதுவது எத்தனை நாளைக்கு? தோட்டத்துப் பள்ளியின் பதிவேடும், கோவில் கமிட்டிக் கணக்கும், தொழிற்சங்க நோட்டீசும், பாட்டியின் வாய்மொழியும் கறையான் அரிக்குமுன் சேகரிக்கப்படட்டும். ஒவ்வொரு தோட்டத்திற்கும் ஒரு நோட்டுப் புத்தகம், அதில் அவ்வூரார் கையெழுத்து: இவ்வளவே நாம் வேண்டுவது. லைட் எழுதிய சில வரிகளுக்கு மறுமொழி எழுத வேண்டியவர்கள் நாமேயன்றி மற்றொருவர் அல்லர்.