ஜூலை 16 தீர்மானம்: உக்ரைனிய இறையாண்மையின் தொடக்கம் பற்றி வில்சனோடு ஒரு வாதம்

1991 டிசம்பர் 1 அன்று உக்ரைனிய வாக்காளர் கையில் இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்று, ஆகஸ்ட் 24 அன்று உக்ரைனிய நாடாளுமன்றமான வெர்ஹோவ்னா ராதா இயற்றிய விடுதலைச் சாசனத்தை உறுதி செய்கிறீர்களா என்று கேட்டது. மற்றொன்று குடியரசுத் தலைவர் தேர்தலுக்கானது. 84.18 விழுக்காட்டினர் வாக்களித்தனர்; அவர்களில் 90.32 விழுக்காட்டினர் விடுதலையை உறுதி செய்தனர். இரண்டாம் சீட்டு வேறு கதை சொல்கிறது. கம்யூனிஸ்ட் கட்சியின் கருத்தியல் பொறுப்பாளராக இருந்து வளர்ந்த லியோனித் கிராவ்சுக் 61.59 விழுக்காடு பெற்றார். விடுதலைக்காகச் சோவியத் சிறைகளில் ஆண்டுகளைக் கழித்த வியாசெஸ்லாவ் சோர்னோவிலுக்கு 23.27, லெவ்கோ லுக்யானென்கோவுக்கு 4.49. விடுதலைக்குப் பத்தில் ஒன்பது பங்கு ஆதரவு. விடுதலைக்காக உழைத்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த முரணுக்கு இதுவரை கிடைத்த விளக்கங்களில் வலுவானது ஆன்ட்ரூ வில்சனுடையது. 1997இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவரது நூல், 1990களின் உக்ரைனியத் தேசியவாதத்தைத் தலைப்பிலேயே சிறுபான்மையினரின் நம்பிக்கை என்று வகைப்படுத்தியது. அவர் முடிவைச் சுருக்கினால் இப்படி வரும்: மொழி, சமயம், வட்டாரம், வரலாற்று நினைவு ஆகிய எல்லாவற்றிலும் பிளவுபட்ட ஒரு நாட்டில் தேசியவாதம் மேற்கைத் தாண்டிப் பரவ முடியவில்லை, 1991இல் அது வென்றது தன் வலிமையால் அன்று, கிராவ்சுக்கைப் போன்ற தேசியக் கம்யூனிஸ்டுகள் அதன் கோரிக்கையைக் கையகப்படுத்திக்கொண்டதால்தான்.

எண்கள் அவர் பக்கம் நிற்கின்றன என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். 1990 மார்ச் தேர்தலில் 450 இடங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே சனநாயகக் கூட்டணிக்குக் கிடைத்தது. அதிலிருந்து உருவான நரோத்னா ராதா என்ற எதிர்க்குழுவில் ஏறத்தாழ 125 உறுப்பினர்கள். கம்யூனிஸ்ட் பெரும்பான்மைக்கோ ‘239 குழு’ என்றே பெயர் விழுந்துவிட்டது. சோர்னோவில் முதலிடம் பெற்ற மாநிலங்கள் மூன்றுதான்: ல்விவ், இவானோ-ஃபிராங்கிவ்ஸ்க், டெர்னோபில். மூன்றும் மேற்கிலுள்ள ஹாலிச்சினாவைச் சேர்ந்தவை, 1939 வரை சோவியத் ஆட்சியை அறியாதவை. வில்சன் எழுதிய காலமும் அவர் வாதத்துக்குத் துணை நின்றது. 1993இல் பணவீக்கம் 10,000 விழுக்காட்டைத் தாண்டியது. 1994 குடியரசுத் தலைவர் தேர்தலில் கிழக்கின் வாக்குகளைக் கொண்டு குச்மா, கிராவ்சுக்கை வீழ்த்தினார். டிசம்பர் 1இன் 90 விழுக்காடு ஒரு கணநேர மயக்கம் என்று அன்று எவருக்கும் தோன்றியிருக்கும்.

தேசியவாதத்தைப் பற்றி வில்சன் சொன்னதை நான் மறுக்கவில்லை. மொழியையும் இனத்தையும் மையமாகக் கொண்ட தேசியவாதம் சிறுபான்மையாகவே இருந்தது. விடுதலைக்கான விருப்பத்தை அளக்கத் தேசியவாதத்தையே அளவுகோலாக எடுத்துக்கொண்டதுதான் சிக்கல். சோர்னோவிலுக்கு விழாத வாக்குகள் எல்லாம் விடுதலையை அரைமனத்தோடு ஏற்றவர்களின் வாக்குகளாக அந்தக் கணக்கில் மாறிவிடுகின்றன. ஆட்சி இங்கேயே இருக்க வேண்டும், சட்டம் இங்கேயே எழுதப்பட வேண்டும் என்று நினைத்தும் தேசியவாதியாக இல்லாத ஒருவருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. அப்படி ஒரு பெரும்பான்மை 1990 கோடையிலேயே உருவாகத் தொடங்கிவிட்டது என்பதும், அதன் தடயம் ஆவணத்தில் இருக்கிறது என்பதும் என் வாதம்.

1990 ஜூலை 16 அன்று வெர்ஹோவ்னா ராதா இறையாண்மைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. உக்ரைன் இன்னும் சோவியத் ஒன்றியத்துக்குள் இருந்தபோதே, அதன் சொந்தச் சட்டங்களே அங்கு மேலானவை என்று அது அறிவித்தது. 355 பேர் ஆதரித்தனர், 4 பேர் எதிர்த்தனர். நரோத்னா ராதா உறுப்பினர் அனைவரும் ஆதரித்திருந்தாலும் மீதி ஏறத்தாழ 230 வாக்குகள் பெரும்பான்மைப் பக்கத்திலிருந்தும் அணிசேராதவர்களிடமிருந்தும்தான் வந்திருக்க வேண்டும். வழக்கமான வரலாறு இந்தப் பிரகடனத்தை ஒரு பாதி வழியாகவே காண்கிறது. ஜூன் 12 அன்று ரஷ்யக் குடியரசு செய்ததைக் கீவும் செய்தது, அவ்வளவுதான் என்பார்கள். பிரகடனத்தின் கடைசி வரியும் அதற்கு இடம் கொடுக்கிறது: இதன் கொள்கைகள் ஒன்றிய ஒப்பந்தம் செய்துகொள்ளப் பயன்படுத்தப்படும் என்கிறது அது. பிரிவதற்காக எழுதப்பட்ட ஆவணத்தில் அப்படி ஒரு வரி ஏன் வர வேண்டும்?

அதே நாள், அதே அவை, பிரகடனத்தோடு இன்னொரு சிறிய தீர்மானத்தையும் நிறைவேற்றியது. ஜூலை 16ஐ உக்ரைனின் ‘விடுதலை அறிவிப்பு நாள்’ என்று கொள்வதென்றும், ஆண்டுதோறும் அரசு விழாவாகவும் மக்கள் விழாவாகவும் கொண்டாடுவதென்றும் அது முடிவு செய்தது. உக்ரைனிய மக்களின் விருப்பத்தையும், விடுதலைக்கான அவர்களது நெடுங்கால வேட்கையையும் காரணமாகச் சொல்கிறது. தீர்மானத்தின் முழு உரையும் ஒரு பத்திக்கு மேல் போகாது. 1991 ஆகஸ்டுக்கு 13 மாதங்களுக்கு முன், கம்யூனிஸ்டுகள் பெரும்பான்மையாக இருந்த ஓர் அவை, தான் செய்ததற்கு விடுதலை என்று பெயரிட்டு அதை நாட்காட்டியில் ஏற்றியது.

இந்தத் தீர்மானத்தை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒரு விடுமுறை நாள் செய்தியாகத்தான் கடந்துபோகிறார்கள். எனக்கு அது பிரகடனத்துக்கு அந்த அவையே எழுதிய முதல் விளக்கவுரையாகத் தெரிகிறது. பிரகடனத்தின் தலைப்பும் அதனோடு ஒத்துப்போகிறது. உள்ளே ‘உக்ரைனிய சோவியத் சோசலிசக் குடியரசு’ என்ற பெயர் வந்துகொண்டே இருந்தாலும், தலைப்பில் இருப்பது வெறும் ‘உக்ரைன்’.

மறுப்பை நானே எழுப்பிப் பார்க்கிறேன். விழாப் பெயரில் விடுதலை என்று சேர்ப்பது மலிவான சலுகை. எதிர்க்குழுவை அமைதிப்படுத்தப் பெரும்பான்மை கொடுத்த மிட்டாய் என்று ஒருவர் சொல்லலாம். சூழலும் அதற்கு இசைவாக இருந்தது. ஜூலை தொடக்கத்தில் பல கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் 28ஆம் கட்சி மாநாட்டுக்காக மாஸ்கோவில் இருந்தனர். அவையின் தலைவர் வோலோதிமிர் இவாஷ்கோ அங்கேயே கட்சியின் துணைப் பொதுச்செயலாளர் பதவியை ஏற்றுக்கொண்டு கீவைக் கைவிட்டார். தலைவர் கைவிட்ட அவையின் கோபம் வாக்குகளில் தெரிந்திருக்கலாம். அந்த 230 பேரில் ஒவ்வொருவரும் என்ன நினைத்தார்கள் என்று இந்த ஆவணம் சொல்லாது. இங்கே சான்று மெலிந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் கோபத்தில் கொடுத்ததைக் கோபம் தணிந்ததும் திரும்பப் பெற்றிருக்கலாமே! அவை பெறவில்லை. ஆகஸ்ட் 3 அன்று பொருளாதாரத் தற்சார்புச் சட்டம் இயற்றியது. அக்டோபரில் கீவின் அக்டோபர் புரட்சிச் சதுக்கத்தில், இன்றைய மைதானில், மாணவர்கள் கூடாரமிட்டு உண்ணாவிரதம் இருந்தனர். தலைமை அமைச்சர் மசோல் விலக வேண்டும், ஒன்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது, படையில் சேர்க்கப்படும் இளைஞர்கள் உக்ரைனுக்கு வெளியே அனுப்பப்படக் கூடாது என்பன அவர்கள் கோரிக்கைகளில் சில. அக்டோபர் 17 அன்று அவை இறங்கிவந்தது. மசோல் பதவி இழந்தார். புதிய அரசமைப்புக்கு முன் ஒன்றிய ஒப்பந்தம் கையெழுத்திடுவது காலத்துக்கு முந்தியது என்று தீர்மானம் வந்தது. 1991 ஜூன் 27 அன்று அதே அவை ஒப்பந்த வரைவின் மீதான விவாதத்தைச் செப்டம்பர் 15க்குத் தள்ளிவைத்தது. ஆகஸ்ட் 20 அன்று மாஸ்கோவில் கையெழுத்திட இருந்தவர்களில் உக்ரைன் இல்லாததற்கு இதுவே காரணம். ஜூலை 16, 1991 அன்று விழாவின் முதலாண்டு நிறைவு கொண்டாடப்பட்டது. மாஸ்கோவில் கோர்பச்சேவுக்கு எதிராக நடந்த ஆகஸ்ட் ஆட்சிக்கவிழ்ப்புச் சதிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு 1991 மார்ச் 17 வாக்கெடுப்பு உதவுகிறது. கோர்பச்சேவின் கேள்விக்கு, புதுப்பிக்கப்பட்ட ஒன்றியத்தைக் காக்க வேண்டுமா என்பதற்கு, உக்ரைனில் 70.2 விழுக்காட்டினர் ஆம் என்றனர். கீவ் நகரில் பாதிக்கும் குறைவு. கிராவ்சுக்கின் ஆலோசனையில் சேர்க்கப்பட்ட இரண்டாம் கேள்வி, இறையாண்மைப் பிரகடனத்தின் அடிப்படையில் உக்ரைன் சோவியத் இறையாண்மை நாடுகளின் ஒன்றியத்தில் இருக்க ஒப்புகிறீர்களா என்றது. அதற்கு 80.2 விழுக்காடு. ஹாலிச்சினாவின் மூன்று மாநிலங்களில் முழு விடுதலை பற்றிய மூன்றாம் கேள்வியும் இருந்தது. அங்கே 88 விழுக்காட்டுக்கு மேல் ஆம்.

இந்த எண்களை வில்சன் பக்கத்திலிருந்து படித்தால், மார்ச்சில் ஒன்றியத்தை ஆதரித்தவர்கள் டிசம்பரில் தலைகீழாகத் திரும்பினார்கள், திருப்பியது கிராவ்சுக்கின் அரசு இயந்திரம் என்று சொல்லலாம். கூட்டிப் பாருங்கள்: 70.2உம் 80.2உம் சேர்ந்தால் நூற்றைத் தாண்டுகிறது, ஆக வாக்களித்தவர்களில் குறைந்தது பாதிப் பேர் இரண்டுக்கும் ஆம் என்றிருக்க வேண்டும். அவர்களைக் குழம்பியவர்கள் என்று தள்ளிவிட முடியாது. பிரகடனம் சொன்ன நிபந்தனைக்கு ஒன்றியம் உட்பட்டால் இருக்கலாம் என்பது அவர்கள் நிலை. சட்ட மேலாண்மை, தனிக் குடியுரிமை, தனிப் பணமுறை, தனிப் படைக்கான உரிமை எல்லாம் பிரகடனத்தில் இருந்தன. அந்த நிபந்தனையை ஏற்கும் ஒன்றியத்தைக் கோர்பச்சேவால் கொடுக்க முடியாது என்பது ஆகஸ்ட் 19 அன்று டாங்குகள் மாஸ்கோவுக்குள் நுழைந்தபோது வெட்டவெளிச்சமாயிற்று. டிசம்பரில் மாறியது ஒன்றியத்தின் நிலை. வாக்காளரின் நிபந்தனை அப்படியே நின்றது.

இதே நிபந்தனை கிழக்கிலும் ஒலித்தது. அங்குள்ள டொன்பாஸ் சுரங்கத் தொழிலாளரை யாரும் உக்ரைனியத் தேசியவாதி என்று சொன்னதில்லை. 1989 ஜூலையில் சோப்புக்காகவும் ஊதியத்துக்காகவும் வேலைநிறுத்தம் தொடங்கியவர்கள் அவர்கள். 1991 வசந்தகால வேலைநிறுத்தத்தில் அவர்கள் வைத்த அரசியல் கோரிக்கைகளுள் ஒன்று, இறையாண்மைப் பிரகடனத்துக்கு அரசமைப்புத் தகுதி வேண்டும் என்பது. மாஸ்கோவின் அமைச்சகம் நிலக்கரி விலையைத் தீர்மானிக்கும்வரை சுரங்கக் குழிக்குள் எதுவும் மாறாது என்று கண்டுகொண்டவர்களின் கோரிக்கை அது. டிசம்பரில் டொனெட்ஸ்க் மாநிலம் 83.90, லுஹான்ஸ்க் 83.86 விழுக்காடு ஆதரவு கொடுத்ததற்கு இதைவிட நேரடியான முன்வரலாறு எனக்குத் தெரியவில்லை.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு, அது வில்சனுக்கே சாதகம். 1993 ஜூனில் அதே டொன்பாஸ் மறுபடி வேலைநிறுத்தம் செய்து, இம்முறை கீவிடம் வட்டாரத் தன்னாட்சி கேட்டது. கிரிமியாவில் ஆதரவு 54.19 விழுக்காடுதான், வாக்களித்தோர் மூன்றில் இரண்டு பங்கே ஆகையால் மொத்த வாக்காளரில் பாதிகூட இல்லை. நிபந்தனையோடு கூடிய ஆதரவு, நிபந்தனை நிறைவேறாதபோது வடிந்துபோகும். வடிந்ததால் முதலில் இல்லவே இல்லை என்று முடிவுகட்டுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஆகஸ்ட் 24க்கு இவ்வாறு படிக்கும்போது வேறு இடம் கிடைக்கிறது. அன்று கம்யூனிஸ்டுகள் அச்சத்தில் வாக்களித்தார்கள் என்பது உண்மை. சதிக்குத் துணைபோன குற்றச்சாட்டும் யெல்ட்சினின் மாஸ்கோவும் அவர்களை நெருக்கின. ஒரு வாரத்துக்குள், ஆகஸ்ட் 30 அன்று, கட்சி தடைசெய்யப்பட்டது. லுக்யானென்கோ முன்னின்று வரைந்த சாசனத்துக்கு விழுந்த வாக்குகள் 346 என்று சில நூல்களும் 321 என்று சில நூல்களும் சொல்கின்றன. அன்று பல வாக்கெடுப்புகள் நடந்ததால் வந்த குழப்பமாக இருக்கலாம், அதை இங்கே தீர்க்க முயலவில்லை. சாசனம் தன்னைப் பற்றிச் சொல்வது இன்னும் பயனுள்ளது. சதியால் விளைந்த ஆபத்தையும் ஆயிரமாண்டு அரசுருவாக்க மரபையும் ஐ.நா. சாசனத்தின் தன்னுரிமையையும் சொன்ன கையோடு, இறையாண்மைப் பிரகடனத்தைச் செயல்படுத்துவதாகவும் அறிவிக்கிறது. அச்சத்தில் எழுதியவர்களுக்கும் ஜூலை 16 கைப்பிடியாக இருந்தது.

     

ஜூலை 16 ஏன் மறக்கப்பட்டது? ஒரு காரணம் சட்டப்படியானது. 1992 பிப்ரவரி 20 அன்று ராதா விடுதலை நாளை ஆகஸ்ட் 24க்கு மாற்றியது. இரண்டாம் காரணம் பின்னாளில் சேர்ந்தது. பிரகடனத்தின் ஒன்பதாம் பிரிவு, எதிர்காலத்தில் நிரந்தர நடுநிலை நாடாகவும், அணுவாயுதத்தை ஏற்காத, உருவாக்காத, வாங்காத நாடாகவும் ஆகும் எண்ணத்தை அறிவித்தது. ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் இந்தப் பிரிவை எடுத்துக்காட்டி, நடுநிலைதான் உக்ரைனின் அங்கீகாரத்துக்கு அடிப்படை என்று பேசிவருகிறார். தன் எண்ணத்தைத் தானே அறிவித்த ஒரு நாடு அதைத் தானே மாற்றிக்கொள்ளலாம் என்பது இறையாண்மையின் அரிச்சுவடி. அதே பிரகடனத்தின் ஆட்சிப்பரப்புப் பிரிவு, உக்ரைனின் ஆட்சிப்பரப்பை அதன் ஒப்புதலின்றி மாற்றவோ பயன்படுத்தவோ முடியாது என்கிறது. அதை அமைச்சர் படிப்பதாகத் தெரியவில்லை. ஒன்பதாம் பிரிவின் தலைவலியால் கீவின் அரசியலாளரும் பிரகடனத்தை முழுவதுமாகத் தள்ளிவைக்கும் பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

1996 ஜூன் 28 அன்று நிறைவேறிய அரசமைப்பின் முகப்புரை ஆகஸ்ட் 24ஐயும் டிசம்பர் 1ஐயும் குறிப்பிடுகிறது. ஜூலை 16ஐக் குறிப்பிடவில்லை. ஆனால் உக்ரைனிய மக்கள் யார் என்று அது வரையறுக்கும் இடத்தில், எல்லாத் தேசிய இனங்களையும் சேர்ந்த உக்ரைனியக் குடிமக்கள் என்கிறது. குடியரசின் எல்லாத் தேசிய இனக் குடிமக்களும் சேர்ந்ததே உக்ரைன் மக்கள் என்று 1990 பிரகடனத்தின் மக்களாட்சிப் பிரிவு சொன்னதன் நேர்வாரிசு இது. அந்த வரையறையின் கீழ் வாக்களித்தவர்களைத் தேசியவாதிகளின் எண்ணிக்கையை வைத்து வில்சனால் கணக்கிட முடியாமல் போனதில் வியப்பில்லை. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் அந்தச் சொற்றொடரை வரைவிலிருந்து வரைவுக்குக் கொண்டுபோனவர்கள் யார், 239 குழுவினரா எதிர்க்குழுவினரா என்பதை அரசமைப்பு வரைவுக் குழுக்களின் கூட்டப் பதிவுகளில் தேட வேண்டும்.