ஹௌரா நிலையத்தில் ஓர் ஊசி: பெயர் தெரியாத நோயும் அருகிருந்து பேணியவர்களும்

1933 நவம்பர் 26. கல்கத்தாவின் ஹௌரா தொடர்வண்டி நிலையத்தில் பாக்கூர் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த அமரேந்திர சந்திர பாண்டே என்னும் இளைஞர் உறவினருடன் ஊருக்கு வண்டியேற வந்திருந்தார். பாக்கூர் அப்போது சந்தால் பர்கானா மாவட்டத்தில் இருந்தது. இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தைச் சேர்ந்தது. நெரிசலில் கதராடை அணிந்த ஒருவன் அவர்மீது உரசிக் கடந்தான். கையில் ஏதோ குத்தியதை அமரேந்திரர் உணர்ந்தார். சட்டைக் கையை விலக்கிப் பார்த்தபோது ஊசித் தடம் தெரிந்தது. உடனிருந்த உறவினர் சிலர் கல்கத்தாவிலேயே தங்கிக் குருதியைச் சோதித்துக்கொள்ளுமாறு வற்புறுத்தினர். வழியனுப்ப வந்திருந்த மாற்றாந்தாய் வழித் தமையன் பினயேந்திரர் அதைப் பொருட்படுத்த வேண்டாமென்றார். வண்டி புறப்பட்டது.

மூன்று நாள்களில் அமரேந்திரர் கல்கத்தாவுக்குத் திரும்பி வந்தார். காய்ச்சல் ஏறியது, அக்குளில் நெறி கட்டியது. மருத்துவர் நளினி ரஞ்சன் சென்குப்தா கையிலிருந்த தடத்தைக் கண்டு, அது மருந்தூசியால் ஏற்பட்டதாகலாம் எனக் கருதினார். குருதி எடுக்கப்பட்டு ஆய்வுக்குச் சென்றது. டிசம்பர் 4 அன்று அமரேந்திரர் இறந்தார். அக்குருதியில் பிளேக் நுண்ணுயிரி இருந்தது என்ற முடிவு கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியிலிருந்து அவர் இறந்த பிறகே வந்தது. கல்கத்தாவில் அக்காலத்தில் பிளேக் பரவியிருக்கவில்லை.

பாக்கூர் கொலை வழக்கு என அறியப்படும் இந்நிகழ்வு, உயிரியல் ஆயுதத்தைப் பற்றிய உலக நூல்களில் தவறாது இடம்பெறுவது. அதனை உயிரியல் பயங்கரவாதம் என்பதா, உயிரியல் குற்றம் என்பதா என்ற வகைப்பாட்டு விவாதம் இன்றும் உண்டு. அரசியல் நோக்கம் இல்லை, சொத்துப் பகைதான் காரணம் என்பதால் குற்றம் என்பதே பொருத்தம். ஆயினும் நோயாளியின் கட்டிலருகே நிற்பவருக்கு இந்த வேறுபாட்டால் பயன் ஏதுமில்லை. கிருமியை ஏவியவனின் நோக்கம் எதுவாயினும், துணி மாற்றுபவரும் நெற்றி துடைப்பவரும் எதிர்கொள்ளும் இடர் ஒன்றே. இவ்வழக்கை எழுதியோர் பெரும்பாலும் ஊசியின் பின்னே சென்றனர். கட்டிலருகே நின்றவர்கள் பக்கம் திரும்பியவர் சிலரே.

ஊசியின் கதை சுவையானது என்பதை மறுப்பதற்கில்லை. பினயேந்திரரின் நண்பரும் நுண்ணுயிரியல் ஆய்வாளருமான தாராநாத் பட்டாச்சாரியா, பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்திடம் பிளேக் கிருமி வளர்ப்பைக் கேட்டிருந்தார். முறையான அனுமதியின்றித் தர இயலாதென அந்நிறுவனம் மறுத்தது. பின்னர், பிளேக்குக்கு மருந்து கண்டறிந்திருப்பதாகவும் அதைச் சோதிக்க வேண்டுமென்றும் கூறி, பம்பாயின் ஆர்தர் சாலைத் தொற்றுநோய் மருத்துவமனையில் அவர் இடம்பெற்றார். ஹாஃப்கின் நிறுவனத்தின் கிருமி அங்கே வந்தது. எலிகள்மீது சோதனைகளும் நடந்தன. 1933 ஜூலையில் ஆய்வை நிறுத்திவிட்டு இருவரும் கல்கத்தா திரும்பினர். 1935 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் இருவருக்கும் மரண தண்டனை விதித்தது. 1936-இல் உயர்நீதிமன்றம் அதனை வாழ்நாள் நாடுகடத்தலாகக் குறைத்தது. உடன் குற்றஞ்சாட்டப்பட்ட இரு மருத்துவர்கள் விடுவிக்கப்பட்டனர். நிலையத்தில் குத்தியவன் யாரென்பது கடைசிவரை வெளிப்படவில்லை.

குத்தப்பட்ட நாளுக்கும் இறந்த நாளுக்கும் இடையில் எட்டு நாள்கள். ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டறியப்பட்டது. ஆகவே 1933-இல் பிளேக் நோயாளிக்குக் கிடைத்தவற்றுள் பெரும்பகுதி செவிலியமே: காய்ச்சலைத் தணிப்பது, நீராகாரம் புகட்டுவது, நெறிக்கு ஒற்றடம் கொடுப்பது, பிதற்றலில் எழுந்தோடாதபடி காப்பது. இவை யாவும் நோயாளியின் மூச்சுக்கும் உமிழ்நீருக்கும் மிக அருகில் நின்று செய்பவை. நெறிகட்டும் பிளேக் இயல்பாகத் தெள்ளுப்பூச்சி வழியே பரவுவது; நோயாளியைத் தொடுவதாலேயே எளிதில் தொற்றிவிடுவதில்லை. ஆனால் நோய் முற்றிக் கிருமி குருதியில் கலந்து நுரையீரலை அடைந்துவிட்டால் நிலை தலைகீழாகிவிடும். அப்போது நோயாளியின் ஒவ்வோர் இருமலும் அருகிருப்பவரை நோக்கி எறியப்படும் கிருமித் துளி.

இவ்வறிவு 1933-இல் இல்லாத ஒன்றன்று. 1910-11 மஞ்சூரிய நுரையீரல் பிளேக்கின்போது, பினாங்கில் பிறந்த மருத்துவர் ஊ லியன்-தே, நோய் காற்றுவழித் துளிகளால் பரவுகிறதென்று கூறிப் பஞ்சும் வலைத்துணியும் கொண்ட முகக்கவசத்தை வற்புறுத்தினார். அதை ஏற்காமல் கவசமின்றி நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி சில நாள்களில் அதே நோயால் இறந்தார். எனவே பிளேக் நோயாளியை எவ்வாறு பேணுவது என்பது பாக்கூர் வழக்குக்கு இருபதாண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அமரேந்திரரைப் பேணியவர்களுக்குத் தெரியாதிருந்தது நோயின் பெயர் மட்டுமே. பிளேக் இல்லாத நகரில், வசதியான வீட்டில், நோய்வாய்ப்பட்ட ஓர் இளைஞருக்கு பிளேக் இருக்குமென்று எவர் எண்ணுவார்? குற்றம் திட்டமிட்டவரின் கணக்கும் அதுவே. நோய் இயல்பாக வரும் வழியைவிட்டு அதை வேறு வழியில் கொண்டுவந்தால் மருத்துவரின் அனுபவம் முழுவதும் தவறான திசையையே காட்டும்.

இதே குடும்பத்தில் ஓராண்டுக்கு முன் நடந்த மற்றொன்றும் கருதத்தக்கது. 1932-இல் தேவ்கரில் பினயேந்திரர் தம்பியின் மூக்கில் ஒரு மூக்குக்கண்ணாடியை அழுத்தி அணிவித்தார், தோல் கீறியது, சில நாள்களில் அமரேந்திரருக்கு ரணஜன்னி கண்டது. அதற்குரிய எதிர்நஞ்சுச் சீரம் ஏற்றப்பட்டு அவர் பிழைத்தார். ரணஜன்னி நோயாளியைப் பேணுவது தனிக்கலை: சிறு ஓசையும் வெளிச்சமும் தொடுகையும்கூட உடலை வில்லாக வளைக்கும் இழுப்பைத் தூண்டிவிடும் என்பதால் இருண்ட, அரவமற்ற அறை வேண்டும். அந்த அறைக்குள்ளேயே, வேறொருவரின் சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது, பினயேந்திரர் தாம் அழைத்து வந்த மருத்துவர்களை நுழைத்தார். இயல்பான நோயில் பார்வையாளரால் தொல்லை மிகுந்தால் தூக்கம் கெடும். தீங்கு வேண்டுமென்றே இழைக்கப்படும்போது கட்டிலருகே யார் வருகிறார், எதைக் கொண்டு வருகிறார் என்பதைக் கவனிப்பதும் செவிலியத்தின் பகுதியாகிவிடுகிறது. சான்றைக் காப்பதும் அவ்வாறே. ஹௌராவில் கிடைத்த முதன்மையான சான்று குற்றவாளியின் கையிலிருந்து கிடைக்கவில்லை. நோயாளியின் கையிலிருந்த தடத்தைப் பார்த்த கண்ணிலிருந்தும், உரிய நேரத்தில் எடுக்கப்பட்ட குருதியிலிருந்தும் கிடைத்தது.

பெயர் தெரிந்த பிளேக்கை இதே நகரம் எவ்வாறு பேணியது என்பதை அருகில் வைத்துப் பார்க்கலாம். 1898-இல் கல்கத்தாவில் பிளேக் அறிவிக்கப்பட்டபோது நகரைவிட்டு மக்கள் வெளியேறினர். தடுப்பூசியைப் பற்றிய வதந்திகள் கலவரமாயின. அதற்கு முந்தைய ஆண்டு புனேயில் வீடுபுகுந்து சோதித்ததும், நோயாளிகளை வலிந்து இழுத்துச் சென்றதும், அதன் தொடர்ச்சியாக 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டதும் யாவரும் அறிந்திருந்தவை. அந்தப் பாடத்தால் வங்க அரசு சற்று இளகி, வீட்டிலேயே தனிமைப்படுத்திக்கொள்ள இடமளித்தது. 1899 மார்ச் 31-இல் இராமகிருஷ்ண மிஷனின் பிளேக் நிவாரணப் பணி தொடங்கியது. சகோதரி நிவேதிதை அதன் செயலாளர், சுவாமி சதானந்தர் களப்பணியின் பொறுப்பாளர். சேரிகளைத் துப்புரவு செய்து கிருமிநீக்கம் செய்வதே அப்பணியின் பெரும்பகுதி. பாக்பஜாரில் தாயற்ற ஒரு பிளேக் குழந்தையை நிவேதிதை மடியில் வைத்துப் பேணியதை மருத்துவர் ராதா கோவிந்த கர் நேரில் கண்டு பதிவுசெய்துள்ளார். முன்னதாக அவரே இடரை எடுத்துக்கூறி எச்சரித்திருந்தார், நிவேதிதை கேட்கவில்லை, குழந்தை இறந்தது.

இக்காட்சியைத் தியாகத்தின் சின்னமாகக் காட்டுவது வழக்கம். வரலாற்று நோக்கில் இதில் முதன்மையானது வேறு: நிவேதிதை தாம் ஏற்ற இடரை அறிந்து ஏற்றார். நோயின் பெயர் அவருக்குத் தெரியும், எச்சரிக்கையும் கிடைத்திருந்தது, முடிவு அவருடையது. 1933-இல் அமரேந்திரரின் கட்டிலருகே இருந்தவர்களுக்கு அந்தத் தெரிவு மறுக்கப்பட்டது. கொலையுண்டவரைப் போலவே அவர்களும் குற்றத்தின் பாதையில் நிறுத்தப்பட்டவர்கள். குற்றப்பத்திரிகையோ ஒரே ஓர் உயிரைப் பற்றியது.

பெயர் பிந்தி வருவது கிருமிக்கு மட்டும் உரியதன்று. 1995 மார்ச் 20 காலை டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சு வெளியிடப்பட்டபோது, புனித லூக்கா மருத்துவமனைக்கு ஒரே நாளில் 640 பேர் வந்தனர். நச்சு சாரின்தான் என்ற செய்தி ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழித்துத் தொலைக்காட்சி வழியே வந்தது. அதுவரை செவிலியர் வழக்கமான உடையிலேயே, நோயாளிகளின் ஆடையைக்கூடக் களையாமல் பணியாற்றினர். ஆடையில் படிந்திருந்த நச்சு ஆவியாகி, காற்றோட்டம் குறைந்த மருத்துவமனைச் சிற்றாலயத்தில் தேங்கியது. பணியாளர்களில் சுமார் 23 விழுக்காட்டினர் கண் மங்கல், தலைவலி முதலியவற்றால் பாதிக்கப்பட்டதாகப் பின்னர் தெரிவித்தனர். ஆடையை நீக்கி உடலைக் கழுவுவது என்ற எளிய பணியே அந்நஞ்சின் பெரும்பகுதியை அகற்றிவிடும். அதற்கு மருந்தும் வேண்டாம், மருத்துவரும் வேண்டாம்.

கதிரியக்கத்தில் அறியாமை எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. 1987-இல் பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியிலிருந்து சீசியம்-137 வெளிப்பட்டது. அது விபத்தே, தாக்குதல் அன்று. தொடக்கத்தில் வந்தவர்கள் சிலர் வெப்பமண்டல நோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பெயர் தெரிந்தபின் அச்சம் எல்லை மீறியது. இறந்த சிறுமியின் அடக்கத்தையே ஊரார் கல்லெறிந்து தடுக்க முயன்றனர். உடலுக்கு வெளியிலிருந்து கதிர்வீச்சு மட்டும் பட்டவரால் பிறருக்குத் தீங்கில்லை; கதிரியக்கத் துகள் படிந்தவரை ஆடை நீக்கிக் கழுவிய பிறகு அச்சமின்றிப் பேணலாம். இந்த வேறுபாட்டை அறியாத செவிலியர் தேவையற்று விலகி நிற்பார்; நோயாளி தனிமையில் கிடப்பார். பிளேக்கில் தேவையான விலகல் நிகழாததும், கதிரியக்கத்தில் தேவையற்ற விலகல் நிகழ்வதும் ஒரே குறையின் விளைவுகள்.

இந்தியத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் உயிரியல் பேரிடர்களுக்கு 2008-இலும், வேதியியல் பயங்கரவாதத்துக்கும் அணு-கதிரியக்க நெருக்கடிகளுக்கும் 2009-இலும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மருந்து இருப்பு, ஆய்வுக்கூட வலைப்பின்னல், பயிற்சி பெற்ற படை எல்லாம் தேவையே. ஆனால் தாக்குதலின் முதல் நோயாளி 'தாக்கப்பட்டவர்' என்ற அடையாளத்துடன் வருவதில்லை. காய்ச்சலுடன் வருகிறார், இரவுப் பணியிலிருக்கும் செவிலியரிடம் வருகிறார். அந்த வேளையில் பயன்படுவது, நோயின் பெயரைக் கேட்டு மாறாத பழக்கங்கள்: எல்லா நோயாளிகளின் குருதியையும் உடல்நீரையும் தொற்றுடையனவாகவே கருதுவது, இருமுபவருக்கும் பேணுபவருக்கும் முகக்கவசம், ஒவ்வொரு தொடுகைக்குப் பின்னும் கைகழுவுதல். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 1985-இல் குருதியை முன்னிறுத்தி வகுத்து 1996-இல் விரிவாக்கிய பொது முன்னெச்சரிக்கை முறையின் சாரம் இதுவே. இதற்கு ஆகும் செலவு குறைவு. நெரிசல் மிகுந்த ஒரு பொது வார்டில், ஒரு செவிலியரிடம் பல கட்டில்கள் ஒப்படைக்கப்பட்டிருக்கையில், இது நடைபெறுவதோ அரிது. உயிரியல் பாதுகாப்பு என்ற பெருஞ்சொல்லின் அடியில் இருப்பது செவிலியர் எண்ணிக்கை என்ற பழைய கோரிக்கைதான்.

வங்கம் இதை மீண்டும் ஒருமுறை கண்டது. இம்முறை குற்றவாளி எவருமில்லை. 2001 ஜனவரி, பிப்ரவரியில் சிலிகுரியில் மூளையைத் தாக்கும் காய்ச்சல் பரவியது. 66 பேர் நோயுற்றனர். 45 பேர் இறந்தனர். நோய் மருத்துவமனைகளுக்குள்ளேயே பெருகியது. பணியாளரும் நோயாளிகளைக் காண வந்தவரும் அவர்களுள் அடக்கம். அப்போதைய ஆய்வுகளால் காரணத்தைக் கண்டறிய இயலவில்லை. சேமித்து வைத்திருந்த மாதிரிகளை மீண்டும் சோதித்து, அது நிபா வைரஸ் என்ற ஆய்வு முடிவு 2006-இல் வெளியானது. அப்போது அந்த வார்டுகளில் நோயாளிகளைப் பேணி நோயுற்று இறந்தவர்கள் மறைந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன.