ஆடிப்பட்டத்துக்கு முன்னால்: மாங்காட்டுத் தோட்டமும் ஏரி வண்டலும்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. ஆனால் ஆடியில் விதைக்க வேண்டுமென்றால் அதற்கான வேலைகள் வைகாசி, ஆனியிலேயே முடிந்திருக்க வேண்டும். கோடைக் கடைசியில் வரும் இந்த வேலைகளுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. பூந்தமல்லிக்கும் குன்றத்தூருக்கும் இடையில் இருக்கும் மாங்காட்டை வைத்து அதைப் பார்க்கலாம்.

முதலில் வேலை என்ன? அக்னி நட்சத்திரத்தை ஒட்டி ஒரு மழை பெய்ததும் மண்ணைக் கொத்திப் புரட்டிக் காயவிடுவார்கள். களையின் வேரும், மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவும் வெயிலில் சாகும். அடுத்தது மக்கிய சாண எரு. கத்தரி, மிளகாய் விதைகளை ஆனியில் நாற்றங்காலில் விட்டால் 30, 40 நாளில் நாற்றைப் பிடுங்கி நடலாம். புடல், பீர்க்கு, பாகல் எல்லாம் நேராகக் குழியில் ஊன்றுபவை. அவற்றுக்குப் பந்தல் தயாராக வேண்டும். பந்தல் அவரையும் ஆடியில்தான் ஊன்றப்படும். பகல் பொழுது குறைந்தால்தான் நாட்டு அவரை பூக்கும் என்பதால் காய்க்கு மார்கழி, தை வரை காத்திருக்க வேண்டும்.

ஏன் ஆடி? சென்னைப் பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அதற்கு முன் செடி வேர்பிடித்து நிற்க வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்த மிளகாய்கூட இந்தக் கணக்குக்குள் வந்து சேர்ந்துவிட்டது. செடி புதுசு, பட்டம் பழசு!

இந்த வேலைகள் ஒரு வீட்டோடு முடிந்துவிடுபவை அல்ல. தொண்டை மண்டலம் ஏரிகளின் நாடு. பெரிய ஆறுகளில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடாத இந்தப் பகுதியில் வயலும் கிணறும் ஏரியை நம்பித்தான் இருந்தன. கோடையில் ஏரி வற்றியதும் அடியில் படிந்த வண்டலை வண்டி வண்டியாக அள்ளி வயலிலும் தோட்டத்திலும் போடுவது வழக்கம். இதில் ஒரே வேலைக்கு இரண்டு பலன். மண்ணுக்கு உரம் கிடைக்கும், ஏரியும் ஆழமாகும். கரையைப் பலப்படுத்துவது, வாய்க்காலைச் சுத்தம் செய்வது போன்ற வேலைகளை ஊரே சேர்ந்து செய்யும். இதற்குப் பெயர் குடிமராமத்து.

கம்பெனி ஆட்சியில் செங்கற்பட்டுப் பகுதிக்கு 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் அக்கறை காட்டினார். பிறகு 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. மக்கள் வழக்கமாகச் செய்துவந்த வேலையைச் சட்டம் போட்டு வாங்க வேண்டிய நிலை வந்துவிட்டது என்றால், பழைய ஏற்பாடு எவ்வளவு தளர்ந்திருந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

மாங்காட்டுக்கு மேற்கே இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியும் பாசனத்துக்கான ஏரிதான். பின்னால் அது சென்னையின் குடிநீர் ஆதாரமானது. சுற்றியிருந்த வயல்கள் மனைகளாயின. 2021-இல் மாங்காடு நகராட்சியாகவும் ஆகிவிட்டது. தோட்டம் மாடிக்கு ஏறியது. 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் தமிழக அரசு மானிய விலையில் மாடித்தோட்டப் பைகள் கொடுத்தபோது, மண்ணுக்குப் பதில் அதில் தென்னைநார்க் கழிவு இருந்தது. வண்டலுக்கு அங்கே வேலையே இல்லை.

ஆனால் தண்ணீர்? 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து உபரிநீர் திறந்துவிடப்பட்டு, அடையாற்றில் வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. 2019 ஜூனில், அதாவது நாற்று விட வேண்டிய அதே நாட்களில், ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. குடிக்கவே தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த வீட்டில் கத்தரி நாற்றுக்கு யார் தண்ணீர் ஊற்ற முடியும்?

இடையில் ஒரு நல்ல முயற்சியும் நடந்தது. 2017 மார்ச்சில் மாங்காட்டுக்கு அதிக தூரமில்லாத மணிமங்கலத்தில் குடிமராமத்துத் திட்டம் மறுபடியும் தொடங்கப்பட்டது. ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளவும் அந்த ஆண்டு அரசு அனுமதித்தது.

மண்ணைக் கொத்துவதும், எரு போடுவதும், பந்தல் கட்டுவதும் ஒரு குடும்பத்தால் முடியும். ஏரியைத் தூர்வாருவது முடியாது. பழைய கோடைப் பட்டியலில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. நாம் முதல் பாதியை மட்டும் மாடிக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறோம். இரண்டாம் பாதியும் நடந்தால்தான் ஆடியில் தேடி விதைத்தது தையில் காய்க்கும்.