வேக் தீவில் மாட்டிய 98 பேர்

1/ "ராணுவ வேலையை கான்ட்ராக்ட் விட்டா செலவு மிச்சம்"னு சொல்றவங்க வேக் தீவு கதையைத் தெரிஞ்சுக்கணும்.

2/ 1941. பசிபிக் நடுவில் குட்டித் தீவு. அமெரிக்கக் கடற்படைக்குத் தளம் கட்டப் போனவங்க சுமார் 1,100 பேர். யாரும் சிப்பாய் இல்லை, கான்ட்ராக்ட் தொழிலாளிகள்.

3/ டிசம்பரில் ஜப்பான் தாக்கியது. பலர் பீரங்கிக்குக் குண்டு சுமந்தாங்க, துப்பாக்கியும் எடுத்தாங்க. 23ஆம் தேதி தீவு விழுந்தது. எல்லாரும் கைதிகள்.

4/ பெரும்பாலானவர்களை வேறு முகாம்களுக்கு அனுப்பிட்டு, கடைசியில் 98 பேரை மட்டும் வேலைக்கு வெச்சுக்கிட்டாங்க. 1943 அக்டோபரில் அத்தனை பேரையும் கொன்னாங்க. அதில் ஒருவர் டாக்டர் லாட்டன் ஷாங்க். குண்டு விழுந்து எரிந்த ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளிகளை வெளியேற்றியவர்.

5/ சீருடை இல்லாதவர் சண்டை போட்டால் கெரில்லா என்று சுட்டுவிடலாம். அதனால்தான் 1942ல் கடற்படை, கட்டுமானத் தொழிலாளிகளைப் படையிலேயே சேர்த்து 'சீபீஸ்' பிரிவை உருவாக்கியது.

6/ வேக்கில் போராடிய தொழிலாளிகளுக்கு முன்னாள் படைவீரர் அந்தஸ்து கிடைச்சது 1981ல்.

7/ நாலே வருஷத்தில், 1985ல், அமெரிக்க ராணுவம் 'லாக்கேப்' திட்டம் தொடங்கியது. சமையல், சலவை, லாரி எல்லாம் மறுபடி கான்ட்ராக்ட். ஈராக்கில் செத்த கான்ட்ராக்ட் டிரைவர்கள் ராணுவத்தின் பலிக் கணக்கில் இல்லை.

மிச்சமான செலவை யார் கட்டினாங்கன்னு இப்போ சொல்லுங்க.