பல் நிறத்தில் அடைத்தது ஏன் பழுப்பாகிறது?

பிரெஞ்சில் பல் அடைப்பதற்கு ‘பிளோம்பாஜ்’ என்று பெயர். ‘பிளோம்’ என்றால் ஈயம். புதுச்சேரியில் என்னோடு பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு இது பழகிய சொல்தான். 1728-இல் பாரிஸில் பல் மருத்துவ நூல் எழுதிய பியேர் ஃபோஷார் காலத்தில், சொத்தைப் பல்லில் ஈயம், வெள்ளீயம், தங்கத் தகடு இவற்றைத்தான் திணித்தார்கள். ஈயம் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பல்லின் நிறத்திலேயே அடைக்கும் ஆசை பிறகு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் முன்பற்களுக்கு சிலிகேட் சிமெண்ட் வைத்தார்கள். வைத்த அன்று பல்லோடு பல்லாகத் தெரியும். நாளடைவில் எச்சிலில் கரைந்து, சொரசொரப்பாகிக் கறை ஏறும். 1940-களில் வந்த அக்ரிலிக் கரையவில்லை. ஆனால் இறுகும்போது சுருங்கியது. ஓரத்தில் இடைவெளி விழுந்தது, அதில் பழுப்புக் கோடு படிந்தது.

1955-இல் அமெரிக்காவில் மைக்கேல் புவோனோகோர், எனாமலை பாஸ்பாரிக் அமிலத்தால் லேசாக அரித்துவிட்டால் பிசின் நன்றாகப் பற்றும் என்று காட்டினார். 1962-இல் அதே நாட்டு ரஃபேல் போவன், புதுப் பிசினில் சிலிக்காத் தூள் கலந்த பொருளுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய காம்போசிட்டுக்கு அதுவே மூலம்.

இதுவும் மூன்று விதமாக நிறம் மாறும். மெருகு தேய்ந்த இடத்தில் டீ, காப்பி, வெற்றிலைப்பாக்குக் கறை படிவது ஒன்று. பிசினுக்குள்ளேயே மஞ்சளாவது இரண்டாவது. இரண்டு பசைகளைக் குழைத்து வைத்த பழைய வகையில் இருந்த அமீன் என்ற ரசாயனம் இதற்குக் காரணம். நீல ஒளியில் இறுகும் வகை வந்தபின் இது குறைந்தது. பல்லும் அடைப்பும் சேரும் ஓரத்தில் கறை இறங்குவது மூன்றாவது.

மேல் கறை மெருகு போட்டால் போகும். உள் மஞ்சள் போகாது. ஆனால் பல்லுக்குக் கெடுதல் இல்லை. ஓரக் கோட்டைத்தான் கவனிக்க வேண்டும். அது வெறும் கறையாகவும் இருக்கலாம், அடியில் புதுச் சொத்தையாகவும் இருக்கலாம். என் முன்பல்லில் இருந்தது கறைதான். மெருகு போட்டதோடு சரி.

நிறம் மாறிவிட்டது என்பதற்காக மட்டும் உடனே தோண்டி எடுக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகும். “கறையா, சொத்தையா?” என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள். நம் வயதில் மிச்சமிருக்கும் பல் ஒவ்வொன்றும் சொத்துதான்.